பன்னிருவரைத் தேடிச் சென்ற பாதை

ஐம்பத்தாறு வயதை எட்டிய பங்குக் குரு ஒருவர், தலைக்கவசம் தரித்து, கனத்த தோற்சட்டை பூண்டு, கூரையில்லாத மூன்று சக்கர மோட்டார் வண்டியிலே ஒரு பகல் முழுவதும் கடற்கரையோரம் பயணம் செய்தார் என்று கேள்வியுற்றால் வாசக அன்பர்கள் புன்னகை புரிவர். உடன் குருக்கள் சிலர் கவலையும் கொள்வர். அந்தக் குரு வேறு யாருமல்லர்; இவ்வரிகளை எழுதும் நாமே.

சென்ற நவம்பர் மாதத்தில், ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மூன்று நாள் தியானம் கொடுக்கச் சென்றிருந்தோம். புறப்படுவதற்கு முன், பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணிபுரிந்த கடற்கரைப் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார்.

"சாமி, மூத்தவன் அந்த ஊரிலேதான் வேலையாக இருக்கிறான். கோயிலுக்குப் போகிறதே இல்லை என்று கேள்வி. அவனுடைய அம்மா இராத்திரியெல்லாம் செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் கேட்பான்" என்றார். ஆகட்டும் என்று வாக்களித்தோம்.

தியானத்தின் கடைசி நாள் மாலையில் அந்த இளைஞன் வந்தான். ஆலயத்துக்குள் நுழையவில்லை. எல்லாரும் கலைந்து செல்லும்வரை வெளியே மரத்தடியில் காத்து நின்று, "சாமி, நாளை ஒரு நாளை எனக்குக் கொடுங்கள். இந்த ஊர்க் கடற்கரையைக் காட்டுகிறேன்" என்றான். நாமும் உடனே இசைந்தோம். புத்தி சொல்ல ஒரு முழு நாள் கிடைத்ததே என்பதுதான் நமது மகிழ்ச்சி. குருமடத்தில் கற்றுக்கொடுத்த முறைப்படி, முன்னுரை, மூன்று குறிப்புகள், முடிவுரை என்று அவனுக்கான அறிவுரையை அன்றிரவே மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு உறங்கச் சென்றோம்.

கூரையில்லா வண்டி

மெல்போர்னிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் டார்க்கீ என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கேதான் 'கிரேட் ஓஷன் ரோடு' எனப்படும் புகழ் பெற்ற பெருங்கடற் சாலை தொடங்குகிறது. அந்த ஊர்வரை காரில் அழைத்து வந்த இளைஞன், அங்கே காத்திருந்த வண்டியைக் காட்டியபோது நமக்குப் பேச்சு எழவில்லை.

அதனை 'டிரைக்' என்கிறார்கள். முன்னே ஒரு சக்கரம், பின்னே இரு சக்கரம் என்ற கணக்கில் அது நம் ஊர் ஆட்டோவுக்கு உறவினர்தான். ஆயினும் ஆட்டோவின் அடக்கம் அதற்கு இல்லை. முன் சக்கரம் நீண்ட இரும்புக் கவைகளின் நுனியில் எட்டி நிற்கிறது. காரின் எஞ்சினைப் பின்புறத்தில் பொருத்தியிருக்கிறார்கள். ஓட்டுபவர் முன்னே தாழ்வாக அமர, அவருக்குப் பின்னே சற்று உயரமான இருக்கையில் இருவர் அமரலாம். கூரையும் இல்லை, கதவும் இல்லை. பயணிகள் இருவர்; வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒருவரே. வேறு கூட்டம் இல்லை. விரும்பிய இடத்தில் நிறுத்தலாம்.

வழிகாட்டி அறுபதைத் தாண்டிய வெண்தாடிக்காரர். நம் தொழில் யாதென வினவினார். கத்தோலிக்கக் குரு என்றதும் உரக்கச் சிரித்து, "நல்லது. இன்று மாலை அப்போஸ்தலர்களைப் பார்க்கப் போகிறோம். அவர்களை எனக்கு நீங்கள் அறிமுகம் செய்து வையுங்கள்" என்றார். தலைக்கவசத்தை நமக்கு மாட்டி, கழுத்துவாரைத் தாமே இழுத்துக் கட்டினார். கவசத்துக்குள் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. வண்டி ஓடும்போதும் மூவரும் பேசிக்கொள்ள அது உதவியது. அர்ச்சிஷ்ட கிறிஸ்தோபரை மனத்தில் வேண்டிக்கொண்டு ஏறி அமர்ந்தோம்.

அந்நாட்டிலும் நம் நாட்டைப் போல இடப்பக்கமாகவே வண்டிகள் செல்கின்றன. தென்கடலை ஒட்டி மேற்கு நோக்கிச் செல்பவருக்குக் கடல் இடக்கைப் பக்கம். எனவே நமக்கும் கடலுக்கும் இடையே வேறு வண்டி எதுவும் இல்லை. ஒரு சிறு தடுப்பும் அதற்கப்பால் செங்குத்தான பாறையுமே இருந்தன. வளைவுக்கு வளைவு வண்டி சாயும்போதெல்லாம் நம் கை இருக்கையின் பிடியை இறுக்கியது. சிறிது நேரத்தில் அச்சம் தணிந்தது. காரின் கண்ணாடிக்குள்ளிருந்து காண்பவர் கடலைப் படமாகத்தான் பார்க்கிறார். இவ்வண்டியில் அமர்ந்தவருக்கோ கடலின் உப்பு உதட்டில் படிகிறது. யூகலிப்டஸ் இலைகளின் தைல மணம் மூக்கில் ஏறுகிறது. நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள குளிர் வேறுபாடு தோலுக்குத் தெரிகிறது.

பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞன் ஒன்றும் பேசவில்லை. அறிவுரையின் முன்னுரையைத் தொடங்கலாமா என்று எண்ணினோம். வழிகாட்டியின் செவியிலும் அது விழும் என்பது நினைவுக்கு வர, ஒத்திப்போட்டோம்.

மண்வெட்டி எழுப்பிய நினைவுச் சின்னம்

ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான வளைவு ஒன்று நிற்கிறது. அருகே மண்வெட்டியும் கடப்பாரையுமாக உழைக்கும் இருவரின் வெண்கலச் சிலை. வண்டியை நிறுத்தி, வழிகாட்டி அச்சாலையின் வரலாற்றைச் சொன்னார்.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அன்று அந்நாட்டின் மக்கள் தொகை ஐம்பது லட்சத்தை எட்டவில்லை என்பதை எண்ணினால், துக்கம் புகாத வீடு அரிது என்பது விளங்கும். உயிரோடு திரும்பிய வீரர்களுக்கோ வேலையில்லை. பலருக்கு நிம்மதியும் இல்லை. அவர்களுக்கு வேலையும், மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னமும், கடலோர ஊர்களுக்கு வழியும் ஒருங்கே கிடைக்கும்படி இச்சாலைத் திட்டம் வகுக்கப்பட்டது. 1919 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1932 நவம்பரில் நிறைவு பெற்றது. போரிலிருந்து மீண்ட ஏறத்தாழ 3,000 பேர் இதில் உழைத்தனர். பெரிய எந்திரங்கள் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, கைவண்டி, வெடிமருந்து இவையே கருவிகள். மலைச்சரிவில் கூடாரம் அடித்து வாழ்ந்தனர். எட்டு மணி நேர வேலைக்குக் கூலி 10 ஷில்லிங் 6 பென்ஸ்.

இத்திட்டத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் ஜீலாங் நகரின் மேயராய் இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக். தம் கைப்பணத்தையும் செலவிட்டுப் பாடுபட்ட அவர், திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன் 1932-ல் காலமானார். திறப்பு நாளில் அவருடைய காரை ஆளுநரின் காருக்குப் பின்னால் ஓட்டிச் சென்று மரியாதை செய்தார்களாம்.

துயரத்தோடு நகைச்சுவையும் கலந்ததே மனித வாழ்வு. 1924-ல் காசினோ என்ற நீராவிக் கப்பல் பாட்டன் முனையருகே பாறையில் மோதியது. பாரத்தைக் குறைக்கவேண்டி நூற்றுக்கணக்கான பீர்ப் பீப்பாய்களைக் கடலில் எறிந்தார்கள். அவை கரை ஒதுங்கவே, சாலை வேலை இரண்டு வாரம் நின்றுபோயிற்று என்று சொல்லி வழிகாட்டி நம் முகத்தைப் பார்த்தார். கானாவூர்த் திருமணத்திலும் இத்தனை பீப்பாய் இருந்ததாக எழுதப்படவில்லை என்றோம். சிரித்தார்.

பின்னர் அவர் கூறிய செய்தி நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அவருடைய பாட்டனார் பிரான்சு நாட்டுப் போர்முனையிலிருந்து திரும்பி இச்சாலையில் மண் வெட்டியவர். "போரைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. ஆனால் நாங்கள் சிறுவராய் இருந்தபோது இங்கே அழைத்து வந்து, தாம் உடைத்த பாறையைத் தொட்டுக் காட்டுவார். கூட உழைத்தவர்கள் எல்லாருமே போரைப் பார்த்தவர்கள். எனவே யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லத் தேவையிருக்கவில்லை. பக்கத்தில் நின்று பாறையை உடைத்தார்கள், அவ்வளவுதான் என்பார்."

இளைஞன் இதனைக் கேட்டுக்கொண்டே வெண்கலச் சிலையின் கையிலிருந்த மண்வெட்டியை வருடியபடி நின்றான்.

அந்த வளைவே ஒருமுறை நெருப்புக்கு இரையாயிற்று என்பதையும் அங்கே அறிந்தோம். 1983 பிப்ரவரி 16, விபூதிப் புதன். அன்று விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் பரவிய காட்டுத்தீயில் 75 பேர் உயிரிழந்தனர். மனிதன் மண்ணுக்குத் திரும்புவான் என்று நாம் நெற்றியில் சாம்பல் பூசும் நாளிலேயே இங்கே ஊர்கள் சாம்பலாயின. மக்கள் வளைவைத் திரும்பவும் கட்டினார்கள்.

காடும் முனையும்

லோர்ன், கென்னட் ரிவர், அப்பல்லோ பே என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே சென்றன. கென்னட் ரிவரில் மரக்கிளையின் கவட்டில் உறங்கும் கோலா என்னும் விலங்கைக் கண்டோம். நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கும் அப்பிராணி, நம் பிரசங்கத்தின்போது சிலர் அமர்ந்திருக்கும் நிலையை நினைவூட்டியது.

அப்பல்லோ பேயில் உணவருந்தினோம். வழிகாட்டி வண்டியைச் சோதிக்கச் சென்றிருந்தார். அறிவுரைக்குத் தக்க நேரம் இதுவே என்று கருதி, "தம்பி, அம்மா உன்னை நினைத்து மிகவும் வருந்துகிறார்கள்" என்று தொடங்கினோம். அவன் தலை நிமிராமல், "தெரியும் சாமி. சாயங்காலம் பேசுவோம். அதற்காகத்தான் உங்களை அழைத்து வந்தேன்" என்றான். நமது முதற் குறிப்பு அவ்வளவில் நின்றுபோயிற்று.

அவ்வூரைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு ஓட்வே மலைக்காட்டுக்குள் ஏறுகிறது. யூகலிப்டஸ் இனத்து நெடுமரங்கள் வானை மறைக்க, அவற்றின் அடியில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பெரணிகள் குடை விரிக்கின்றன. இக்காடும் முனையும் ஒரு காலத்தில் கடுபானுட் என்னும் ஆதிக்குடியினரின் நிலம். வெள்ளையர் குடியேறிய சில ஆண்டுகளுக்குள் அம்மக்கள் நோயாலும் கொலையாலும் ஏறக்குறைய அழிந்தே போயினர். சாலையில் போர் வீரருக்கு நினைவுச் சின்னம் உண்டு. இவர்களுக்காக அவ்வளவு பெரிய சின்னம் எதுவும் கண்ணில் படவில்லை. மரித்தோருக்காக மன்றாடும் மாதம் ஆகையால் அவர்களையும் இறைவன் திருமுன் நினைவுகூர்ந்தோம்.

ஓட்வே முனையில் 1848-ல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து பல மாதங்கள் கடலில் மிதந்து வரும் கப்பல்களுக்கு, இம்முனைக்கும் கிங் தீவுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பே மெல்போர்ன் செல்லும் வாயில். அதற்குள் நுழைவதை 'ஊசியில் நூல் கோப்பது' என்று மாலுமிகள் கூறுவராம். நூல் தவறிய கப்பல்கள் பல. அதனால் இப்பகுதிக்கே 'கப்பல் உடைந்த கரை' என்று பெயர்.

பன்னிருவர் எங்கே?

பிற்பகலில் காடு விலகிக் கடல் மீண்டும் தோன்றியது. இங்கே கரை முழுவதும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புப் பாறை. கத்தியால் வெட்டிய பாவனையில் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதிலிருந்து பிரிந்து, அலைகளுக்கு நடுவே தனித்தனித் தூண்களாக நிற்கும் பாறைகளுக்குத்தான் 'பன்னிரு அப்போஸ்தலர்' என்று பெயர். சில தூண்கள் 45 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகி உண்டான பாறை இது. அலையும் காற்றும் முதலில் பாறை முகத்தில் குகை குடைகின்றன. குகை இருபுறமும் திறந்து வளைவாகிறது. வளைவு இடிந்ததும் தூண் எஞ்சுகிறது. தூணின் அடியையும் அலை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவு அரிக்க, ஒரு நாள் அதுவும் விழுகிறது.

வாக்களித்தபடி வழிகாட்டிக்கு அறிமுகம் செய்யத் தொடங்கினோம். முன்னே நிற்பவர் இராயப்பர், அடுத்தவர் பெலவேந்திரர், அப்பால் சந்தியாகப்பர், அருளப்பர் என்று எண்ணிக்கொண்டு போக, விரல்கள் மடங்கி முடியுமுன்னே பாறைகள் முடிந்துவிட்டன. நம் கணக்கில் ஏழு. வழிகாட்டியின் கணக்கில் எட்டு. உண்மையில் இவை என்றுமே பன்னிரண்டாக இருந்ததில்லையாம். முற்காலத்தில் 'தாய்ப்பன்றியும் குட்டிகளும்' என்ற பெயரே வழங்கிற்று. பிற்காலத்தார் மரியாதையான பெயர் வேண்டும் என்று அப்போஸ்தலராக்கினர். அவற்றுள் ஒன்று 2005 ஜூலை 3-ஆம் நாள், பார்த்துக்கொண்டு நின்றவர் கண்ணெதிரே நொடிப்பொழுதில் நொறுங்கிக் கடலில் விழுந்தது.

"உங்கள் அப்போஸ்தலர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் போலிருக்கிறதே" என்றார் வழிகாட்டி. தொடக்கத்திலேயே அப்படித்தான், பன்னிருவருள் ஒருவன் காட்டிக்கொடுத்தான், ஒருவர் மறுதலித்தார், ஏறக்குறைய எல்லாருமே ஓடிவிட்டனர், காலியான இடத்துக்கு மத்தியாஸ் என்பவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தனர் என்று விடையிறுத்தோம். விளையாட்டாகச் சொன்ன விடைதான். அவ்விடையின் கனத்தை ஒரு மணி நேரத்துக்குள் நாமே சுமக்க நேரும் என்று அப்போது எண்ணவில்லை.

இருவர் பிழைத்த கடல்

அங்கிருந்து சில கி.மீ. மேற்கே லாக் ஆர்ட் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் உயர்ந்த பாறைச் சுவர். நடுவே ஒடுங்கிய நீர்வழி. உள்ளே சிறு மணற்பரப்பு. லாக் ஆர்ட் என்பது ஒரு கப்பலின் பெயர். இங்கிலாந்திலிருந்து 54 பேருடன் புறப்பட்டு மூன்று மாதம் பயணம் செய்த அக்கப்பல், 1878 ஜூன் 1-ஆம் நாள் விடியலில், மூடுபனியில் வழி தவறிப் பாறைத் தீவில் மோதி மூழ்கியது. மறுநாள் கரை காண்போம் என்ற மகிழ்ச்சியில் முந்தின இரவு விருந்துண்டு உறங்கியிருந்தனர் பயணிகள்.

பிழைத்தவர் இருவரே. ஒருவன் டாம் பியர்ஸ் என்ற 18 வயதுப் பயிற்சி மாலுமி. கவிழ்ந்த படகு ஒன்றைப் பற்றிக்கொண்டு மிதந்து, இந்நீர்வழியே உள்ளே வந்து மணலில் விழுந்தான். அப்போது கடலிலிருந்து ஒரு பெண்ணின் கூக்குரல் கேட்டது. அயர்லாந்துக் குடும்பத்துப் பெண் ஈவா கார்மைக்கேல். அவனை ஒத்த வயதினள். உடைந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு தத்தளித்தாள். டாம் மீண்டும் நீரில் பாய்ந்து நெடுநேரம் போராடி அவளைக் கரை சேர்த்தான். குகையொன்றில் படுக்கவைத்து, கரை ஒதுங்கிய பிராந்தியைப் புகட்டி, பின் செங்குத்துப் பாறையில் ஏறிச் சென்று உதவிக்கு ஆட்களை அழைத்து வந்தான். ஈவா பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் ஒரே நாளில் இழந்தாள். மக்கள் அவ்விருவரும் மணம் புரிவார்கள் என்று எதிர்பார்த்தனர். அவளோ அயர்லாந்துக்குத் திரும்பிச் சென்றாள்.

பாறையின் உச்சியில் சிறு கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 52 பேர் மாண்டனர். ஒரு சிலருடைய உடல்களே கிடைத்தன. வழிகாட்டி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் ஏந்தியபடி, எங்களிருவரையும் அங்கே விட்டுவிட்டு வண்டிக்குச் சென்றுவிட்டார்.

இளைஞன் வேலியைப் பிடித்துக்கொண்டு கடலையே நோக்கி நின்றான். பின்னர்ச் சொன்னான்: "சாமி, நான் இங்கே வருவது இது நான்காம் தடவை. அந்தப் பையன் குரலைக் கேட்டுத் திரும்பத் தண்ணீரில் இறங்கினான். நான் திரும்பி வந்துவிட்டேன்."

நமக்கு உடல் குளிர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுடைய தம்பி, பதினான்கு வயதுச் சிறுவன், நம் பங்குக் கடலில் மூழ்கி இறந்தான். அடக்கப் பூசையை நிறைவேற்றியவர் நாம். மூத்தவனும் அன்று கூடவே குளிக்கச் சென்றிருந்தான் என்பதை ஊரார் சொல்லக் கேட்டதுண்டு. அதற்குமேல் நாம் அறியவில்லை. அறிய முயலவும் இல்லை.

"கழுத்தளவு வரைக்கும் போனேன் சாமி. கால் தரையில் படவில்லை. கடல் உள்ளே இழுத்தது. அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கரைக்கு வந்து ஆட்களைக் கூப்பிட ஓடினேன். படகு போய்ச் சேர்ந்தபோது குரல் இல்லை. அடக்கத்தன்று நீங்கள் பிரசங்கம் வைத்தீர்கள். ஆண்டவர் தம்முடைய நந்தவனத்துக்கு அழகான மலர் ஒன்றைப் பறித்துக்கொண்டார், யாரும் அழவேண்டாம் என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கோயிலுக்கு வெளியே நின்று கேட்டேன். அவனைப் பறித்தது ஆண்டவர் என்றால் எனக்கு அவரிடம் வேலை இல்லை. அவர் இல்லையென்றால், பின்னே நான்தான். இரண்டில் எதை வைத்துக்கொண்டு நான் பூசைக்கு வருவது?"

கடலலை பாறையில் மோதும் ஓசை மட்டும் கேட்டது. குருப்பட்டம் பெற்ற நாள் முதல் எத்தனையோ அடக்கச் சடங்குகளில் அந்த மலர் வாக்கியத்தை நாம் சொல்லியிருக்கிறோம். அது திருநூலில் இல்லாதது. கேட்போருக்கு இதமாக இருக்கும் என்று கருதினோம். உண்மையில் அது நமக்கு இதமாக இருந்தது. பீடத்திலிருந்து இறங்கி, துயரப்படுகிறவர் பக்கம் செல்லாமலே கடமை முடிந்தது என்ற நிறைவை அது நமக்குத் தந்தது. அன்று தாய்க்கும் தந்தைக்கும் தலையில் கைவைத்துச் செபித்தோம். கோயிலுக்கு வெளியே நின்ற பதினேழு வயது மூத்தவனைத் தேடிப் போகவில்லை. அவனும் கடலில் இருந்தான். அவன் குரலும் எழுந்திருக்க வேண்டும். நாம் கரையில் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தோம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "தம்பி, நான் சொன்னது தவறு. அது ஆண்டவருடைய வார்த்தை அல்ல, என்னுடையது" என்றோம். பெத்தானியா ஊரில் லாசரின் கல்லறைக்கு வந்த ஆண்டவர், மார்த்தாளுக்கும் மரியாளுக்கும் மலர்க் கதை எதுவும் சொல்லவில்லை. மனங்கலங்கிக் கண்ணீர் விட்டார் என்றே அருளப்பர் எழுதுகிறார். இறந்தவனை எழுப்பும் வல்லமை உடையவரே முதலில் அழுதார் என்றால், எழுப்பும் வல்லமை அற்ற நாம் அழாதே என்று சொல்ல யார்?

பிறகு அவனிடம் சில கேள்விகள் கேட்டோம். எந்த இடத்தில் இறங்கினார்கள், நீர் எவ்வளவு, யாரை முதலில் கூப்பிட்டான், எவ்வளவு தூரம் ஓடினான். ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னான். இதனை யாராவது இதற்குமுன் கேட்டதுண்டா என்றதற்கு, இல்லை என்று தலையசைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவரும் கேட்கவில்லை. டாம் பியர்ஸ் கடலில் பழகிய மாலுமி. அவனைச் சுற்றிப் பாறைச் சுவர் அலையைத் தடுத்து நின்றது. அவன் காப்பாற்றியது ஒருத்தியை. மாண்டவர் 52 பேர். அவர்களைக் காப்பாற்றவில்லையென்று அவனை ஒருவரும் பழிக்கவில்லை என்று மெல்லச் சொன்னோம். ஆட்களைக் கூப்பிட ஓடியதும் உதவிதான் என்றோம். அவன் ஏற்றுக்கொண்டான் என்று கூற மாட்டோம். வேலியில் நெற்றியை வைத்து நெடுநேரம் அழுதான். நாமும் அழுதோம்.

கல்லறையில் மரித்தோருக்காகப் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னோம். முடிவில் அவனுடைய தம்பியின் பெயரையும் சேர்த்துக்கொண்டோம். 'ஆமென்' என்ற சொல்லை அவன் உரக்கச் சொல்லவில்லை. உதடு அசைந்ததைக் கண்டோம்.

திரும்பும் வழி

வண்டிக்குத் திரும்பியபோது வழிகாட்டி ஒன்றும் வினவவில்லை. குடுவையிலிருந்து சூடான தேநீரை ஊற்றி இருவர் கையிலும் கொடுத்தார். பாட்டனாரிடம் கற்ற பாடம் போலும்.

அந்நாட்டில் நவம்பர் மாதத்தில் இரவு எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கிறது. திரும்பும் வழியில் அப்போஸ்தலர் பாறைகளைச் சாயும் வெயிலில் மீண்டும் கண்டோம். மஞ்சள் பாறை செம்பொன்னாய் மாறியிருந்தது. காலையில் நாம் அவற்றை எண்ணப் புறப்பட்டவர். இப்போது எண்ணத் தோன்றவில்லை. பாறையாக இருந்தால் ஒருமுறை விழுந்தது விழுந்ததுதான், மீண்டும் எழும்புவதில்லை. இராயப்பர் விழுந்தார், மனங்கசந்து அழுதார், எழுந்தார். திருச்சபையை ஆண்டவர் அத்தகைய மனிதர்மேல் கட்டினார். விழுந்த குருவுக்கும் அதுவே நம்பிக்கை.

நாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த மூன்று குறிப்புகளில் ஒன்றையும் அன்று சொல்லவில்லை. இரவில் டார்க்கீயில் இறங்கித் தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "அறிமுகம் நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லி வழிகாட்டி கைகுலுக்கினார். மறுநாள் விமான நிலையத்தில் இளைஞன், முந்தின இரவு அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னதாகக் கூறினான். அவன் இப்போது பூசைக்குச் செல்கிறானா என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் அவனைக் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அவனோடு தொலைபேசியில் பேசுகிறோம். அவன் சொல்வதைக் கேட்கிறோம்.

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய பங்குக்குச் சென்று அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். தாயார் பேசினார், பன்னிரண்டு ஆண்டுப் பேச்சு அது. மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்பார்ந்த வாசகர்களே, நவம்பர் தோறும் நாம் கல்லறைகளை வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மலர் சாத்துகிறோம். நன்றே. ஆயினும் அக்கல்லறையில் துயில்பவரின் அண்ணனோ தங்கையோ நண்பனோ நம் தெருவிலேயே உயிரோடு இருக்கக்கூடும். ஊரார் பெற்றோருக்கு ஆறுதல் சொல்லிச் சென்றபின் ஒருவராலும் விசாரிக்கப்படாமல் நிற்பவர் அவர். அவரிடம் சென்று, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். விளக்கம் எதுவும் கூற வேண்டாம். குருக்களாகிய நமக்கும் இதுவே பாடம். அந்த மலர் வாக்கியத்தை இனி நாம் எந்த அடக்கப் பூசையிலும் சொல்வதில்லை.